உளி பிடித்த பதினோர் ஆண்டுகள்

டோக்கியோ நகரின் உவேனோ பூங்காவில், எளிய உடை தரித்து, ஒரு கையில் நாயைப் பிடித்தபடி நிற்கும் சைகோ தகமோரியின் சிலையை அறியாத ஜப்பானியர் இல்லை. அதே நகரில், பேரரசரின் அரண்மனைக்கு வெளியே உள்ள திடலில், பாய்ந்துவரும் குதிரையை இழுத்து நிறுத்தும் கோலத்தில் குசுனோகி மசாஷிகே என்ற இடைக்கால வீரரின் சிலை நிற்கிறது. இரண்டும் வெண்கலச் சிலைகள். ஆனால், இவ்விரண்டும் முதலில் மரத்தில் செதுக்கப்பட்டுப் பின்னர் உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அந்த மர வடிவங்களை உருவாக்கிய குழுக்களுக்குத் தலைமை ஏற்றவர், முறையான கல்வி எதுவும் பெறாமல், பதினோர் ஆண்டுகள் ஒரு பட்டறையில் தங்கி புத்தர் சிலை செதுக்கக் கற்ற தகமுரா கோவுன்.

1852 முதல் 1934 வரை வாழ்ந்த கோவுன், நவீன ஜப்பானிய மரச் சிற்பத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். கலை வரலாற்று நூல்கள் அவருடைய படைப்புகளைப் பேசுகின்றன. பொருளியலைப் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்ப்பது அவருடைய இளமைக் காலமே. ஒரு கைத்திறன் உருவாகப் பத்தாண்டுகள் வேண்டும். அதற்கான தேவை மறைவதற்கோ ஓர் அரசாணை போதும். பயிற்சி முடியும் முன்பே சந்தை மறைந்துவிட்டால், பயின்றவன் என்ன ஆவான்? அவன் கற்ற கலை என்ன ஆகும்? இந்த வினாக்களுக்குக் கோவுனின் வாழ்க்கை ஒரு விடையைத் தருகிறது. அது எளிமையான விடையன்று.

எடோ என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவின் ஷிதாயா பகுதியில், நகஜிமா என்ற குடும்பப் பெயருடைய எளிய நகரவாசிகளின் வீட்டில் அவர் பிறந்தார். வசதியற்ற குடும்பத்துச் சிறுவர்களை ஏதேனும் ஒரு தொழிலுக்கு அனுப்பிவிடுவது அக்கால வழக்கம். அவரையும் ஒரு தச்சரிடம் அனுப்புவதென முடிவாகியிருந்தது. புறப்படுவதற்கு முன்பு முடி திருத்தக் கடைக்குச் சென்றபோது, அசகுசாவில் புத்தர் சிலைகள் செதுக்கும் தகமுரா தோவுன் ஒரு சீடனைத் தேடிக்கொண்டிருப்பதாக முடிதிருத்துநர் கூறியிருக்கிறார். அந்தப் பேச்சு சிறுவனின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. முதுமையில் கோவுன் சொல்லி எழுதவைத்த நினைவுக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. 1863-ஆம் ஆண்டில், ஜப்பானியக் கணக்கில் பன்னிரண்டு வயதில், அவர் தோவுனின் வீட்டுப் படியேறினார்.

அக்காலச் சீடர் முறையின் பொருளாதாரத்தைச் சற்றே விளங்கிக்கொள்ள வேண்டும். சீடனுக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றை ஆசிரியர் தருவார். கூலி கிடையாது. பத்து ஆண்டுகள் பயிற்சிக் காலம்; அதன் பின்னர் நன்றிக்கடனாக மேலும் ஓராண்டு உழைக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, புத்தாண்டையும் முன்னோர் வழிபாட்டு நாள்களையும் ஒட்டி, பெற்றோரைப் பார்த்துவரலாம். தொடக்க ஆண்டுகளில் சீடனால் ஆசிரியருக்குச் செலவே மிகுதி. அவன் வீட்டு வேலை செய்வான், மரத்தை வீணாக்குவான். இறுதி ஆண்டுகளிலோ அவன் செதுக்குவதன் மதிப்பு அவன் உண்பதைவிடப் பலமடங்கு உயர்ந்துவிடும். முற்பகுதியில் ஆசிரியர் தந்த கடனைப் பிற்பகுதியில் சீடன் தன் உழைப்பால் அடைக்கிறான். வங்கியும் பள்ளியும் இல்லாத இடத்தில், கைத்திறனில் முதலீடு செய்வதற்கு மனிதர்கள் கண்டறிந்த ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு ஒரேயொரு நம்பிக்கையின்மீது நிற்கிறது. பத்தாண்டு கழித்தும் இந்தப் பொருளை வாங்க ஆள் இருப்பார்கள் என்பதே அந்த நம்பிக்கை. எடோவில் அதை ஐயுற எவருக்கும் காரணம் இருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு புத்த ஆலயத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்பது தோகுகாவா ஆட்சியின் விதி. ஆலயங்களுக்குச் சிலைகள் வேண்டும். வீட்டு வழிபாட்டு மாடங்களுக்கும் சிலைகள் வேண்டும். செதுக்குபவர், அரக்குப் பூசுபவர், பொன் தகடு ஒட்டுபவர், பீடம் செய்பவர் என ஒரு சிலையைச் சுற்றிப் பல தொழில்கள் இயங்கின.

பட்டறையில் பயிற்சி முறையாகவும் மெதுவாகவும் நடந்தது. முதலில் உளியையும் சிறு கத்தியையும் தீட்டக் கற்க வேண்டும். பின்னர் நேர்கோடுகளால் ஆன வடிவங்களைப் பலகையில் செதுக்கிப் பழக வேண்டும். கை நிலைத்த பிறகே உருவங்கள். அவற்றிலும் செல்வ வளம் தருவதாக நம்பப்படும் தாய்கோகு, எபிசு போன்ற வீட்டுத் தெய்வங்களின் சிறு உருவங்களே முதலில். ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். கருணை வடிவமான கன்னோன், சினம் பொங்கும் ஃபுதோ ஆகிய உருவங்களுக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆகும். ஹினோகி எனப்படும் ஜப்பானிய சைப்ரஸ் மரமே பெரும்பாலும் பயன்பட்டது. நேரான இழைகளும் மென்மையும் உடைய அம்மரத்தில் தவறான ஒரு வெட்டு அப்படியே தெரியும். களிமண்ணில் பிழையை ஒட்டித் திருத்தலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான்.

கோவுன் பட்டறையில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில் அந்த உலகமே சரிந்தது. 1868-ஆம் ஆண்டு தோகுகாவா ஆட்சி வீழ்ந்து, பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்தது. எடோ, டோக்கியோ ஆயிற்று. பல நூற்றாண்டுகளாகக் கலந்திருந்த ஷிண்டோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணைகள் அதே ஆண்டில் பிறந்தன. பௌத்தத்தை ஒழிப்பது அவ்வாணைகளின் சொற்களில் இல்லை. ஆனால், அவற்றைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. சிலைகளும் சுவடிகளும் அழிக்கப்பட்டன. 1871-இல் ஆலய நிலங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. வருவாய் இழந்த ஆலயம் சிலை வாங்குமா? இருக்கும் சிலைகளை விற்கத் தொடங்கியது.

அக்காலத்தின் கொடுமையை உணர்த்த கோவுன் கூறியுள்ள ஒரு நிகழ்ச்சி போதும். டோக்கியோவின் ஹொன்ஜோ பகுதியில் ஐந்நூறு அர்ஹத்துகளின் சிலைகள் கொண்ட ராகன்ஜி ஆலயம் இருந்தது. அங்கே, சங்கின் உட்புறம்போல் சுழன்று மேலேறும் ஒரு மண்டபத்தில் நூறு கன்னோன் சிலைகள் வைக்கப்பட்டிருந்தன. பள்ளியோ அருங்காட்சியகமோ இல்லாத அந்நாளில், இளம் சிற்பிகளுக்கு அதுவே பாடசாலை. பழைய ஆசான்களின் கைவேலையை நேரில் கண்டு கற்க அவர்கள் அங்கே செல்வார்கள். அம்மண்டபம் இடிக்கப்பட்டபோது, நூறு சிலைகளும் பழம்பொருள் எரிப்பவர்களிடம் விலை போயின. மரத்தை எரித்துச் சாம்பலிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பது அவர்களின் தொழில்.

செய்தி கேட்டு ஓடிய கோவுன், குவிந்து கிடந்தவற்றில் மிகச் சிறந்தவை எவை என்பதைக் கண்ணால் தேர்ந்தெடுத்தார். அவருடைய ஆசிரியர் வந்து விலை பேச, ஐந்து சிலைகள் மீட்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை ஆசிரியரிடமிருந்து தாமே விலைக்கு வாங்கித் தம் வாழ்நாள் முழுவதும் வழிபாட்டுத் தெய்வமாக வைத்துக்கொண்டார் கோவுன். ஐந்து மீண்டன. எஞ்சியவற்றுக்கு மீட்பு இல்லை. ஒரு சிலை செய்யத் தேவைப்பட்ட ஆண்டுகளின் பயிற்சிக்குச் சந்தை அன்று வைத்த விலை, அதன் மேல் ஒட்டியிருந்த பொன் தகட்டின் விலை மட்டுமே.

இதற்கிடையே 1874-ஆம் ஆண்டில் அவருடைய பதினோர் ஆண்டுக் காலம் நிறைவுற்றது. ஆசிரியர் தம் பெயரின் ஒரு பாதியைச் சீடனுக்கு அளித்தார். தோவுன் என்பதற்குக் கிழக்கின் மேகம் என்று பொருள். கோவுன் என்பதற்கு ஒளி மேகம். இப்பெயர் அளிப்பே பட்டம். வேறு சான்றிதழ் இல்லை. தகமுரா என்ற குடும்பப் பெயர் வந்த கதை வேறு. 1873-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. குடும்ப வாரிசுகளுக்கும், 270 யென் கட்ட வல்லவர்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. அத்தொகை ஓர் இளம் கைவினைஞருக்குக் கனவிலும் எட்டாதது. ஆசிரியரின் தமக்கை கோவுனைத் தத்தெடுத்துத் தம் வாரிசாக்கினார். பதினோர் ஆண்டுகள் தீட்டிய கை, துப்பாக்கி பிடிக்கப் போகாமல் தப்பியது.

1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உவேனோ பூங்காவில் முதலாவது தேசியத் தொழில் கண்காட்சியை அரசு திறந்தது. அதை முன்னின்று நடத்தியவர் உள்துறை அமைச்சர் ஒகுபோ தோஷிமிச்சி. நாட்டின் தொழில் வளத்தைக் காட்டுவதும், பரிசுகளால் போட்டியை வளர்ப்பதும் அதன் நோக்கங்கள். சுமார் நான்கரை லட்சம் பேர் வந்து பார்த்தனர். தோவுனுக்கும் அழைப்பு வந்தது. ஆனால் வேலையைச் செய்தவர் கோவுன். வெண்ணிற ஆடை அணிந்த கன்னோன் உருவத்தை ஆசிரியரின் பெயரில் அவர் செதுக்கினார். அதற்கு உயரிய பரிசான ரியூமோன் விருது கிடைத்தது. பரிசு ஆசிரியரின் பெயருக்கே சென்றது. பட்டறை மரபில் அது இயல்பானது. அதை அநீதியாகக் கோவுன் கருதியதில்லை.

இக்கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, தென்மேற்கே சத்சுமா பகுதியில் அரசுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் சைகோ தகமோரி, கண்காட்சி நடத்திய ஒகுபோவின் இளமைக்கால நண்பர். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று சைகோ உயிரிழந்தார். கன்னோன் சிலைக்குப் பரிசு பெற்றுத்தந்த அந்த இளைஞரே இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் சைகோவின் உருவத்தை அதே பூங்காவில் நிறுத்தப் போகிறார் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

பரிசு புகழைத் தந்தது, சோற்றைத் தரவில்லை. 1879-இல் தோவுன் மறைந்தார். தனித்து நின்ற கோவுனின் முன் ஒரே ஒரு வளமான வழி இருந்தது. அது தந்தச் சிற்பம். மேலை நாட்டு வணிகர்கள் ஜப்பானியத் தந்த வேலைப்பாடுகளை விரும்பி வாங்கினர். துறைமுக நகரமான யோகஹாமாவின் வழியே பணம் பாய்ந்தது. மரம் செதுக்கியவர்கள் பலர் தந்தத்துக்கு மாறினர். பொருளியல் நோக்கில் அது பகுத்தறிவுக்கு உகந்த முடிவே. அவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.

கோவுன் மாறவில்லை. தந்தத்தின்மீது அவருக்கு வெறுப்பில்லை. தாம் கற்றது மரம். தம் ஆசிரியர் தந்தது மரம். அதை விட்டுவிடக் கூடாது என்பதே அவரது நிலை. இதன் விலையை அவரும் குடும்பத்தாரும் வறுமையாகச் செலுத்தினர். உலோக வார்ப்பு வேலை செய்பவர்களுக்கு மர மாதிரிகள் செய்து கொடுத்தும், கிடைத்த சிறு வேலைகளை ஏற்றும் காலம் தள்ளினார்.

இங்கே ஒரு தவறான பாடத்தைப் பெற்றுவிடக் கூடாது. பழமையை மாற்றமின்றிக் காத்தவர் என்று அவரை எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. மரத்தைத் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் அவர் மாற்றினார். புத்த சிற்ப மரபில் உருவத்தின் அளவுகளும் அமைப்பும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. சிற்பி அவற்றை மீறுவதில்லை. கோவுனோ அயல்நாட்டு அச்சுப் படங்களில் ஒளியும் நிழலும் உருவத்தை எவ்வாறு எழுப்பிக் காட்டுகின்றன என்பதை ஊன்றிப் பார்த்தார். அரசு 1876-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கலைப் பள்ளியில் இத்தாலியரான வின்சென்சோ ரகூசா மேலைச் சிற்பக் கலையைக் கற்பித்துவந்தார். அந்தப் பள்ளியில் கோவுனுக்கு இடமில்லை. ஆகவே, தெருவில் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் ஆசிரியராகக் கொண்டார்.

சம வயதினரான இஷிகாவா கோமெய் அவர் வாழ்வில் நுழைந்தது இக்காலத்தில்தான். கோமெய், ஆலய அலங்காரச் சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்து, தந்தச் சிற்பத்தில் பெயர் பெற்றவர். தெருவோர வீட்டில் அமர்ந்து கோவுன் மரம் செதுக்குவதை அவ்வழியே போகும்போதெல்லாம் நின்று கவனித்துச் சென்றவர், பின்னர் நெருங்கிய நண்பரானார். போட்டியாளராக இருந்திருக்க வேண்டிய அவரே, கலைச் சங்க வட்டாரங்களில் கோவுனை அறிமுகப்படுத்தினார். திறமை தானாக வெளிப்பட்டுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. வெளிப்படுத்த ஒருவர் வேண்டும்.

1888-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய அரண்மனையின் அலங்கார வேலைகளில் சின் எனப்படும் சிறிய வளர்ப்பு நாயின் உருவங்களைச் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. மரபான அலங்கார நாயை அவர் செய்யவில்லை. உயிருள்ள நாயை முன்னால் வைத்துப் பார்த்துச் செதுக்கினார். அடுத்த ஆண்டு, சாபோ எனப்படும் குள்ள இனக் கோழிகளின் இணையை மரத்தில் வடித்தார். கண்காட்சியில் பேரரசரின் கவனத்தை ஈர்த்த அதை அரண்மனையே வாங்கிக்கொண்டது. கோழியின் இறகுக்கும் கன்னோனின் ஆடை மடிப்புக்கும் பயன்பட்டது ஒரே கத்திதான். பதினோர் ஆண்டுகள் கற்ற கைவேலை வீண்போகவில்லை; அது ஊன்றி நின்ற சந்தை மட்டுமே மாறியிருந்தது.

1889-ஆம் ஆண்டில் டோக்கியோ நுண்கலைப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியது. அதன் பின்புலத்தில் இருந்தவர் ஒககுரா தென்ஷின். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகிய அதே ஒககுரா. மரச் சிற்பம் கற்பிக்கக் கோவுனை அவர் அழைத்தார். தமக்குக் கல்வியறிவு இல்லை. பாடம் நடத்தத் தெரியாது என்று கோவுன் தயங்கினார். வீட்டில் செய்யும் வேலையைப் பள்ளியில் வந்து செய்தால் போதும். மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒககுரா விளக்கினார். கோவுன் இசைந்தார். 1890-இல் அரண்மனைக் கலைஞர் என்ற தகுதியும் அவருக்கு அளிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் தச்சுக்குப் போக இருந்த சிறுவர், நாற்பதை எட்டுவதற்குள் பேராசிரியர் ஆனார்.

இந்த நிகழ்வை ஒரு தனிமனிதரின் உயர்வாக மட்டும் பார்த்தால் அதன் முதன்மையான பொருள் விடுபட்டுப்போகும். பயிற்சியின் செலவைச் சுமப்பவர் யார் என்ற கணக்கு அன்று மாறியது. பட்டறையில் அந்தச் செலவைச் சிறுவனும் ஆசிரியரும் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களின் சந்தையை அரசின் ஆணைகள் குலைத்தன. இருபத்தோர் ஆண்டுகள் கழித்து அதே அரசு பள்ளியை நடத்தி, ஆசிரியருக்கு ஊதியம் தந்து, அரண்மனையின் வழியே படைப்பையும் வாங்கியது. குலைத்த கையே கட்டியும் தந்தது. ஆனால் இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகளின் இழப்பை ஏற்றவர்கள் தனிமனிதர்கள். அந்தப் பாலத்தைக் கடந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. கடக்க இயலாமல் உளியை வைத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அவருடைய தலைசிறந்த படைப்பு 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற முதிய குரங்கு. அதற்கென வெண்ணிறமான பெரிய மரம் வேண்டுமென்று, தோச்சிகி மாகாணத்து மலைப்பகுதியில் தோச்சி எனப்படும் மரத்தைத் தேடிப் பிடித்தார். மரத்தின் விலையைவிட அதை மலையிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுவந்த செலவே மிகுதி. வெட்டிப் பார்த்தபோது மரம் வெண்மையாக இல்லை, பழுப்பேறியிருந்தது. வெண்குரங்கு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, முதிர்ந்த காட்டுக் குரங்கைச் செதுக்கத் தொடங்கினார். மரத்தின் இயல்புக்கேற்பத் தம் திட்டத்தை மாற்றிக்கொள்வது பட்டறை தந்த பாடம்.

வேலை நடந்துகொண்டிருந்த 1892-ஆம் ஆண்டில், ஓவியத்தில் சிறந்து விளங்கிய அவருடைய மூத்த மகள் பதின்ம வயதிலேயே இறந்துபோனார். ஒப்புக்கொண்ட வேலைக்குக் கெடு இருந்தது. துயரத்தோடு மீண்டும் உளியை எடுத்தார். கழுகோடு போராடி, அது தப்பிப் பறந்துவிட, கையில் சிக்கிய இறகுகளோடு பாறைமேல் அமர்ந்து வானத்தை வெறித்து நோக்கும் குரங்கு அது. கழுகு சிற்பத்தில் இல்லை. அந்தப் பார்வையில் மட்டுமே இருக்கிறது. சிகாகோவில் ஜப்பானின் சிற்பங்களும் கைவினைப் பொருள்களும் நுண்கலை மண்டபத்திலேயே இடம்பெற்றன. கோவுனின் குரங்கு பரிசு பெற்றது. இன்று அது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை; நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டுள்ளது.

பின்னர் வந்தவை பெரும் பொதுப் பணிகள். பெஸ்ஷி செப்புச் சுரங்கத்தின் இருநூறாம் ஆண்டை ஒட்டி சுமிதோமோ நிறுவனம் குசுனோகி சிலையை நுண்கலைப் பள்ளியிடம் ஒப்படைத்தது. தலையைக் கோவுனும், குதிரையைக் கோதோ சதாயுகியும், பிற பகுதிகளை யமாதா கிசாய், இஷிகாவா கோமெய் ஆகியோரும் மரத்தில் செய்தனர். அச்சிலை 1900-இல் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1898-ஆம் ஆண்டு டிசம்பரில், சைகோவின் சிலை திறக்கப்பட்டுவிட்டது. அதன் நாயையும் கோதோவே செய்தார். கிளர்ச்சியாளராக மாண்டவரை அரசு மன்னித்துவிட்டிருந்தது. மரத்தைக் கைவிடாத மனிதரின் மிகப் புகழ்பெற்ற படைப்புகள் மக்கள் கண்ணுக்கு உலோகமாகவே தெரிகின்றன.

1926 வரை அவர் அப்பள்ளியில் கற்பித்தார். யோனேஹாரா உன்காய், யமசாகி சோவுன், ஹிராகுஷி தென்ச்சூ முதலியோர் அவரிடம் பயின்றோ வழிகாட்டுதல் பெற்றோ உருவானவர்கள். நகானோ நகரின் செங்கோஜி ஆலயத்தின் நுழைவாயிலில் நிற்கும் மாபெரும் காவல் தெய்வங்களை, 1919-ஆம் ஆண்டளவில், உன்காயும் அவரும் சேர்ந்தே முடித்தனர். புத்த ஆலயங்கள் மீண்டும் சிலை கேட்கும் காலம் வந்திருந்தது. கேட்டபோது செய்துகொடுக்கக் கையும் இருந்தது.

வீட்டுக்குள்ளேயே ஒரு மறுப்பும் எழுந்தது. மூத்த மகன் கோதரோ அதே பள்ளியில் சிற்பம் பயின்று, நியூயார்க், லண்டன், பாரிஸ் நகரங்களில் வாழ்ந்து, பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் கலையில் தோய்ந்து 1909-இல் திரும்பினார். தந்தையைக் கலைஞராக அவரால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கைத்திறன் மிக்க தொழிலாளியாகவே கண்டார். ஜப்பானியக் கவிதையில் பெரும்பெயர் பெற்ற அவர், தந்தையின் பாதையிலிருந்து விலகியே நின்றார். ஆயினும் 1920-களில் அவர் கையிலெடுத்தது மரமும் கத்தியுமே. சிள்வண்டு, கெளுத்தி மீன் என்று அவர் செதுக்கிய சிறு மர உருவங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. இளைய மகன் தோயோசிகா உலோக வார்ப்புக் கலைஞராகி, 1964-இல் வாழும் தேசியச் செல்வம் என்ற தகுதி பெற்றார்.

1934-ஆம் ஆண்டு அக்டோபரில், எண்பத்திரண்டாம் வயதில் கோவுன் மறைந்தார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவரை மாணவர்களுக்குச் சொல்வது எளிது. சொல்ல வேண்டியதும்கூட. ஆனால் ஒரு சமூகம் தன் கைத்திறன்களைத் தனிமனிதர்களின் விடாமுயற்சியை நம்பி விட்டுவிட முடியாது. ஒருவர் மாறாமல் நின்றார், நண்பர் ஒருவர் அடையாளம் காட்டினார், அறிஞர் ஒருவர் பள்ளிக்கு அழைத்தார், அரண்மனை வாங்கியது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் ஆயிரம் ஆண்டு மரபு அந்தத் தலைமுறையோடு நலிந்திருக்கக்கூடும்.

சந்தை மீண்டும் திரும்பலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்துக்கூடத் தேவை பிறக்கலாம். கைப்பழக்கம் அப்படித் திரும்பாது. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்துவிட்டால், அடுத்தவனுக்கு உளி தீட்டக் கற்பிக்கவும் ஆள் இருக்காது. ஒரு கலைக்கு இன்று எத்தனை பேர் விலை கொடுக்கிறார்கள் என்று கணக்கிடுவது பொருளியலின் வேலைதான். அதனை இன்று எத்தனை சிறுவர்கள் கற்கிறார்கள், அவர்கள் கற்கும் காலத்துக்குச் சோறு போடுபவர் யார் என்று கணக்கிடுவதும் அதே பொருளியலின் வேலையே. முதல் கணக்கை மட்டும் பார்த்த காலத்தில்தான் கன்னோன் சிலைகளின் மதிப்பு, சாம்பலில் தேடும் பொன்னாகச் சுருங்கிப்போனது.